எட்டு மணி வகுப்பா, எட்டு மணி வரை சைக்கிளா?

எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போவதில்லை. பெரியவளுக்குப் பதிமூன்று வயது, சின்னவனுக்கு ஒன்பது. பெங்களூரை விட்டு, காரைக்குடிப் பக்கம் கானாடுகாத்தானில் மாமனார் வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. அப்போதிலிருந்து படிப்பு வீட்டில்தான், அதில் பாதிக்கு மேல் இணையத்தில். மே மாதம் வந்தால் எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். இணைய வகுப்புக்குக் கட்டிய ஆண்டுச் சந்தா முடியும், மறுபடி கட்டுவதா என்ற பேச்சு எழும். இந்த மே மாதம் பணக்கணக்கோடு பேச்சு முடியவில்லை. பெரியவளுக்குக் கண்ணாடி பவர் ஏறியிருந்தது. சின்னவன் மாடிப்படி ஏறி வந்து "அம்மா" என்று கூப்பிடுவதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினான்.

எங்கள் முன் மூன்று வழி இருந்தது. முதலாவது, பழையபடி முழு நேரலை: காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை, வாரம் ஆறு நாள். ஆசிரியர் திரையில் இருப்பார், பெயர் சொல்லிக் கேள்வி கேட்பார். இரண்டாவது, நேரலையே வேண்டாம், பதிவு செய்த பாடங்களும் புத்தகமும் போதும். மூன்றாவது, நாளுக்கு ஒரே ஒரு நேரலை, மற்றதெல்லாம் பதிவு. எதை எடுக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் உடற்பயிற்சிக்கு நேரம் கிடைக்கும். மூன்று வருடமாக நாங்கள் வகுப்பு நேரத்தை முதலில் எழுதிவிட்டு, மிஞ்சிய கட்டத்தில் "எக்சர்சைஸ்" என்று எழுதிக்கொண்டிருந்தோம். மிஞ்சிய கட்டம் பெரும்பாலும் மத்தியானம். சித்திரை, வைகாசியில் செட்டிநாட்டு மத்தியானத்தில் காக்காய்கூட வெளியே வராது. அந்தக் கட்டம் சுவரில் எழுதினபடியே இருந்தது, அவ்வளவுதான்.

நேரலைக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவளுக்கு அல்ஜீப்ரா புரிந்தது நேரலையில்தான். நான் சொல்லிக் கொடுத்தபோது இரண்டு பேரும் சண்டை போட்டோம். திரையில் இருந்த டீச்சர், அவள் எந்த வரியில் குறியை மாற்ற மறந்தாள் என்று பார்த்து, அந்த இடத்திலேயே நிறுத்திச் சொன்னார். பதிவுப் பாடம் அதைச் செய்யாது. அப்புறம், எட்டு மணிக்கு ஒருவர் காத்திருக்கிறார் என்றால் பிள்ளைகள் ஏழரைக்குக் குளித்துவிடுகிறார்கள். எனக்கும் அந்த நாலு மணி நேரத்தில் சமையல், என் வேலை இரண்டும் முடியும். இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும், சந்தாவை இரண்டு முறை புதுப்பித்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஆனால் நாலு மணி நேரம் என்பது அதிகம். 2020 ஜூலையில், பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இப்போதைய கல்வி அமைச்சகம்) பிரக்யாதா என்ற பெயரில் இணைய வகுப்புகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு நேரலைக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அதிகபட்சம் நாலு. பள்ளிகளுக்காக எழுதியதுதான். ஆனாலும் பிள்ளையின் கண்ணும் முதுகும் எங்கே இருந்து படித்தாலும் ஒன்றுதானே. அந்தக் கணக்கில் எங்கள் சின்னவன் ஒன்றரை மணி நேரத்தோடு எழுந்திருக்க வேண்டியவன். அவனை நாங்கள் பன்னிரண்டு வரை உட்கார வைத்திருந்தோம்.

என் மாமியாருக்கு, அதாவது பிள்ளைகளின் அப்பத்தாவுக்கு, இந்த விவாதமே வேடிக்கையாக இருந்தது. "ஏத்தா, நம்ம வீட்டுல பெட்டியடிப் படிப்பு என்ன புதுசா? உங்க ஐயா வீட்டு அப்பச்சி பர்மாவுல பெட்டியடிப் பையனா உக்காந்து படிச்சவுகதானே" என்றார்கள். வட்டிக்கடைக் கிட்டங்கியில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதப் பழகும் பொடியனுக்கு அந்தப் பெயர். பெட்டியடிப் பையன், பிறகு அடுத்தாள், அதற்கப்புறம்தான் மேலாள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தொழில் படிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல என்ற ஆறுதல் எனக்கு அதில் கிடைத்தது. அப்பத்தா சொல்ல வந்தது வேறு. "ஆனா அவுக கிட்டங்கிய விட்டு எறங்கி வசூலுக்கு மைல் கணக்கா நடந்தாக. உன் புள்ளைக எங்க நடக்குதுக?"

சரி, வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். செட்டிநாட்டு வீட்டில் இணைய வகுப்பு நடத்துவது தனிக் கலை. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் வைத்த வைஃபை பெட்டியின் சிக்னல், வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றியிருக்கும் தூண் தாழ்வாரத்தைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் செத்துவிடும். அந்தக் காலத்துச் சுவர் அப்படி. உள்ளே ஒரு வயர் இழுக்கலாம் என்று ஆள் கூட்டி வந்தோம். அவர் டிரில் மெஷினைத் தேக்கு நிலையில் வைத்ததும் அப்பத்தா போட்ட சத்தத்தில் அவர் படியிறங்கியே போய்விட்டார். கடைசியில் மேல்மாடிச் சாளரம் வழியாக வயரைச் சுற்றிக் கொண்டுவந்தோம். அதற்கு முன் ஒரு வருடம், பிள்ளைகள் முகப்புத் திண்ணையில், போவோர் வருவோர் பார்க்க, ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து படித்தார்கள். பழைய வீடு பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அவர்களையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

கரண்ட் அடுத்தது. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்தினால் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை போகும். வைஃபை பெட்டிக்குச் சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்தால் மூன்று, நாலு மணி நேரம் தாங்கும். லேப்டாப் பேட்டரியும் ஏறக்குறைய அவ்வளவுதான். செல்போன் டேட்டாவில் ஓட்டலாம் என்றால், ஒரு மணி நேர நேரலை சுமாராக அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபி வரை தின்னும். தினசரி ஒன்றரை ஜிபி பேக்கில் இரண்டு பிள்ளைகளின் நாலு மணி நேர வகுப்பு எந்தக் கணக்கிலும் அடங்காது. பதிவுப் பாடம் என்றால் முந்தின ராத்திரியே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றை வெளியூர்க்காரர்கள் யோசிக்க மாட்டார்கள். இது எங்கள் ஒருவருடைய வீடல்ல. பங்காளிகள் பதினோரு புள்ளிக்கும், அதாவது பதினோரு குடும்பத்துக்கும் பாத்தியம். ஒரு கல்யாணம், முன்னோருக்கு ஒரு படைப்பு, ஒரு பிள்ளையார் நோன்பு என்றால் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று எல்லோரும் வந்து இறங்குவார்கள். பட்டாலையில், அதாவது கூடத்தில், பாய் விரிக்க இடமிருக்காது. அப்படி ஒரு வாரம், "மேடம், பின்னால் என்ன சத்தம்?" என்று ஆசிரியர் கேட்டுக் கேட்டுச் சின்னவனின் மைக்கையே மூடிவிட்டார். அந்த வாரம் கட்டின காசு வீண்தான்.

இதையெல்லாம் பார்த்தால் இரண்டாவது வழி, முழுப் பதிவு, தானாக ஜெயிக்க வேண்டும். ஏப்ரலில் ஒரு மாதம் அதைச் சோதித்துப் பார்த்தோம். பொருளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் அச்சிட்டிருக்கும் கியூஆர் குறியை செல்போனில் காட்டினால் தீக்‌ஷா செயலியில் அந்தப் பாடத்தின் வீடியோ திறக்கும். காசு கிடையாது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கேபிளிலேயே வரும், அதற்கு இணையமும் வேண்டாம். ஆங்கிலத்தில் கணக்கு, அறிவியலுக்குக் கான் அகாடமி இலவசம்.

பெரியவள் இதில் நன்றாகத்தான் நீந்தினாள். வேண்டிய இடத்தில் நிறுத்தி, திருப்பிப் பார்த்து, நோட்டில் எழுதி வைத்தாள். சந்தேகத்தை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றாள். சின்னவன் கதை வேறு. "பாத்துட்டேன்மா" என்பான். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பக்கத்தில் பம்பரத்துக்குக் கயிறு சுற்றிக்கொண்டு பார்த்திருப்பான். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பதிவுப் பாடம் என்றால் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். இலவசம் என்று சொல்வதில் அந்த ஆளின் நேரம் கணக்கில் வருவதில்லை. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

இனி உடம்புக்கு வருவோம். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்களுக்கு, வாரம் முழுக்கச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவு உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுக் கொடுப்பதாக இருக்க வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளை பஸ்ஸுக்கு ஓடி, இடைவேளையில் துரத்தி விளையாடி, தெரியாமலே இதில் ஒரு பங்கை முடித்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்குப் படுக்கையிலிருந்து வகுப்புக்கு முப்பது தப்படி. அதனால் அந்த 60 நிமிடத்தை நாமே பார்த்துப் பார்த்து ஏற்படுத்த வேண்டியிருக்கிறது. கிட்டப்பார்வைக்கும் வெளிச்சத்தில், வெட்டவெளியில் இருக்கும் நேரம் ஒரு காப்பு. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது அடி தள்ளி இருப்பதை இருபது விநாடி பார்க்க வேண்டும் என்பார்களே, இந்த வீட்டில் இருபது அடிக்கு மட்டும் பஞ்சமே இல்லை. பட்டாலையில் உட்கார்ந்து நிமிர்ந்தால் பின்கட்டுக் கிணறு தெரியும். ஆனாலும் அது நிழல்தான். வெயிலுக்கு ஈடாகாது.

என்னென்ன செய்து பார்த்தோம் என்றால், முதலில் இணையத்திலேயே யோகா. இது என் யோசனை, தப்பு யோசனை. திரையைக் குறைப்பதற்காக இன்னொரு முக்கால் மணி நேரம் திரை. சின்னவனின் முதுகு வளைந்திருப்பதை அந்தப் பக்கத்து ஆசிரியர் சின்னக் கட்டத்தில் எப்படிப் பார்ப்பார்? மழை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

காரைக்குடியில் பூப்பந்துப் பயிற்சி இருக்கிறது. நல்ல பயிற்சிதான். ஆனால் இங்கிருந்து ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். கொண்டுவிட்டுக் காத்திருந்து கூட்டி வந்தால் பிள்ளை விளையாடியது ஒரு மணி நேரம், எனக்குப் போனது இரண்டரை. இரண்டு மாதத்தில் விட்டுவிட்டோம்.

ஊரணியில் நீச்சல் கோடையில் பேச்சுக்கே இடமில்லை, தண்ணீர் அடியில் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நிறையும்போதும் குடிதண்ணீர் ஊரணியில் இறங்கக் கூடாது, குளிக்கும் ஊரணியில் படி பாசியேறியிருக்கும். பெரியவர் ஒருவர் கூடவே இறங்கினால்தான் சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கூட்டிப் போகிறார். அன்றாடத்துக்கு ஆகாது.

சைக்கிள் எங்களுக்கு ஒத்துவந்தது. ஆறு மணிக்குக் கிளம்பி, அகலமான தெருக்களில் இரண்டு சுற்று, செட்டிநாடு ரயில் நிலையம் வரை போய்த் திரும்பினால் ஏழே முக்கால். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்து, மயில் பார்த்து, சண்டை போட்டு, எல்லாம் சேர்த்துத்தான் இந்த நேரம். திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலைப் பக்கம் மட்டும் விடுவதில்லை, லாரி அதிகம். ஒரு தடவை வாங்கினால் சைக்கிளுக்கு மாதச் செலவு பஞ்சர் ஒட்டுவது மட்டும்தான். எட்டு மணி நேரலை இருந்தவரை இது முடியவே முடியாது. ஏழரைக்குப் பிள்ளைகளை விரட்டிக் குளிக்க வைத்து, தலை ஈரத்தோடு உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்கு வகுப்பு விட்டுப் போகலாம் என்றால் அதற்குள் வெயில் ஏறிவிடும். இந்த ஊரில் உடம்புக்கு உகந்த காலை ஆறு முதல் எட்டு வரைதான். அந்த இரண்டு மணி நேரத்தின் கடைசியில் வந்து உட்கார்ந்திருந்தது வகுப்பு.

கடைசியாகச் சிலம்பம். கோயில் பக்கத்துப் பொட்டலில் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு வாத்தியார் சொல்லிக் கொடுக்கிறார். கம்பு நெற்றி உயரம், மாதக் கட்டணம் எங்கள் இணையச் சந்தாவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தோள், மணிக்கட்டு, கால் மூன்றும் வேலை செய்யும். நான் இதை ஒரு உடற்பயிற்சி என்று நினைத்துத்தான் சேர்த்தேன். ஒரு மாதம் கழித்துச் சின்னவன் சாயங்காலம் நாலரைக்கே கம்பை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்க ஆரம்பித்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஊரில் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவது அப்போதுதான். பகல் முழுக்க இவர்களுக்கு ஊரில் ஒரு கூட்டாளி கிடையாது. ஐந்திலிருந்து ஏழு வரைதான் எல்லாருக்கும் பொதுவான நேரம். கம்பு சுற்றுவது அரைப் பங்கு என்றால், முறைக்காகக் காத்திருக்கும்போது பொட்டலில் நடக்கும் பேச்சு மீதி அரைப் பங்கு. சைக்கிள் உடம்பைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதில் அக்காவும் தம்பியும் மட்டும்தான்.

நாங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருந்த முறையே தப்பு என்று எனக்கு அப்போதுதான் பட்டது. எவ்வளவு கலோரி, எவ்வளவு செலவு, எவ்வளவு தூரம் என்று பார்த்தோம். கூட யார் வருகிறார்கள் என்று பார்க்கவில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அதுதான் முதல் கேள்வி என்பது என் எண்ணம். வீட்டுக்காரர் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. பூப்பந்தில் போட்டிக்குப் போகும் வாய்ப்பு இருக்கிறது என்பார். ஆனால் பள்ளி அளவிலான போட்டிகளில் பள்ளியில் சேராத பிள்ளையால் இறங்க முடியாது. முதலமைச்சர் கோப்பையில் பொதுமக்கள் பிரிவு என்று ஒன்று உண்டு, அது பதினைந்து வயதிலிருந்துதான். அதுவரைக்கும் பொட்டலே போதும்.

அப்போ சந்தா? இரண்டு பிள்ளைக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டிய அவசியமில்லை என்பது ஏனோ இவ்வளவு நாள் தோன்றவில்லை. பெரியவளுக்கு மூன்றாவது வழி. முழுச் சந்தாவை விட்டுவிட்டு, கணக்குக்கும் அறிவியலுக்கும் மட்டும் மாற்றி மாற்றி ஒரு நாளைக்கு ஒரு நேரலை, காலை பத்து மணிக்கு. முழுச் சந்தாவில் பாதிக்கும் குறைவாகத்தான் ஆகிறது. மற்றப் பாடங்கள் பதிவில், இரண்டு மணியிலிருந்து நாலு வரை, வெயில் கொளுத்தும் நேரத்தில், வளவின் குளிர்ச்சியில். மத்தியானத்தைத் திரைக்குக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த நேரத்தில் வெளியே போய் ஆகப் போவது ஒன்றுமில்லை.

சின்னவனுக்கு நேரலையே வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம். கல்வித் தொலைக்காட்சியிலோ தீக்‌ஷாவிலோ ஒரு பாடம், அதற்கு மேல் புத்தகம், அப்பத்தாவிடம் மனக்கணக்கு. நான் பக்கத்தில் உட்காரும் நேரம் கூடியிருக்கிறது, என் வேலையில் ஒரு மணி நேரம் ராத்திரிக்குப் போய்விட்டது. இது சின்ன விஷயமில்லை. இரண்டு பேரும் வெளிவேலைக்குப் போகும் வீட்டில் நான் இந்த வழியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே முழு நேரலைதான் நடைமுறைக்கு ஒத்துவரும், ஆனால் பத்து மணிக்குத் தொடங்கும் வகுப்பாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பரீட்சையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி. என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிய பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும், வருடத்துக்கு இரண்டு தடவை பொதுத்தேர்வு நடக்கும், ஒரே மூச்சில் எல்லாப் பாடமும் எழுத வேண்டியதில்லை. பெரியவளுக்கு அடுத்த வருடம் அதுதான் திட்டம். அதற்குப் படிக்க நாலு மணி நேர நேரலை தேவையில்லை என்பதை அதன் பாடநூல்களைப் புரட்டிப் பார்த்தபின்தான் சொல்கிறேன்.

மழைக்காலத்துக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. ஐப்பசியில் பொட்டல் சேறாகும், சைக்கிளும் இறங்காது. முற்றத்தில் கயிறு தாண்டலாம் என்றால் ஓட்டுத் தண்ணீர் முழுக்க அங்கேதான் கொட்டும். சுற்றியிருக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லோ, ஈரக்கால் பட்டால் வழுக்கும். போன வாரம் ஒரு நாள் கோடை மழை பிடித்துக்கொண்டபோது, சின்னவன் வளவைச் சுற்றி வேக நடை போட்டான். ஒரு சுற்றுக்குத் தொண்ணூற்று நாலு தப்படி என்று எண்ணி வைத்திருக்கிறான். இருபது சுற்று முடித்துவிட்டு, அப்பத்தாவையும் கையைப் பிடித்து இழுத்து இன்னும் இரண்டு சுற்று நடக்க வைத்தான். அவுக மூன்றாவது தூணிலேயே உட்கார்ந்துவிட்டாக.